கதவுக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். 17 நாளாக உன்னிடமிருந்து ஃபோன் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன் என்றும் நினைக்காதே. அம்மாவின் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. சொட்டு மருந்து போட்டுக்கொள்ளத்தான் அடம் பிடிக்கிறாள். மற்றதை அவளே சொல்வாள்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். போன மாதம் உன் ஆபீசுக்கு வந்தேனே, அன்று திங்கட்கிழமை. "பத்தே நிமிஷம்ப்பா, மீட்டிங் முடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லி என்னை வெளி அறையில் உட்காரவைத்துவிட்டுப் போனாய். ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆனது. எனக்கு என்ன அவசரம், அதை விடு. கதவு சாத்தியிருந்தாலும் உன் குரல் கேட்டது. உன் குரல் மட்டும்தான் கேட்டது. நடுநடுவே "சரி மேடம்" என்று யாரோ சொன்னார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய வியாதி, உனக்குத் தெரியும். உன்னையும் சேர்த்து 9 பேர், ஆளுக்கு 100 நிமிஷம். மொத்தம் 15 மணி நேரம். கிட்டத்தட்ட இரண்டு பேருடைய முழு நாள் வேலை அந்த அறைக்குள் போய்விட்டது. அதில் என்ன முடிவானது என்று கேட்கத்தான் நினைத்தேன். நீ வெளியே வந்தபோது உன் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஒன்பது பேரில் யாருக்கும் சம்பளம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போனதில்லை என்று உன் மாமாவிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறவன் நான். என் அச்சகத்தில் எனக்கு அது வாய்க்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், மீட்டிங்கில் நீ கடைசியாகப் பேசு.

அன்று கதவு வழியாக என் காதில் விழுந்தவரை, புது விசிட்டிங் கார்டு என்ன நிறத்தில் இருக்கவேண்டும் என்பதற்கே அரை மணி போனது. சரக்கு ஏன் பத்து நாள் தாமதமாகப் போகிறது என்பது கடைசி ஐந்து நிமிஷத்தில், எல்லோரும் நாற்காலியைத் தள்ளும் சத்தத்துக்கு நடுவே வந்தது. இது உன் ஆபீசில் மட்டும் நடப்பதில்லை. பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1957-லேயே இதைக் கேலி செய்து எழுதியிருக்கிறார். கமிட்டி கூடுகிறது. அணு உலைத் திட்டம் சில நிமிஷத்தில் பாஸாகிவிடுகிறது, ஏனென்றால் அது யாருக்கும் புரியவில்லை. சைக்கிள் நிறுத்தும் கொட்டகை வந்ததும் ஆளாளுக்குக் கருத்துச் சொல்கிறார்கள், கொட்டகை எல்லோருக்கும் தெரியும் அல்லவா. அதனால் கஷ்டமான விஷயத்தை முதலில் எடு. "டெலிவரி" என்று ஒற்றை வார்த்தையை எழுதி அனுப்பாதே. "டெலிவரி பத்து நாள் தாமதமாவதை எப்படி ஐந்து நாளாக்கலாம்?" என்று கேள்வியாக எழுதி முந்தின நாளே எல்லோருக்கும் அனுப்பிவிடு. வெறும் தகவல் என்றால் வாட்ஸ்அப்பில் போட்டுவிடு, அதற்கு ஒன்பது பேரை உட்காரவைக்க வேண்டாம். கேட்பதற்குக் கேள்வியே இல்லாத வாரம் மீட்டிங்கும் வேண்டாம்.

நின்றுகொண்டு பேசிப் பார்த்தாலும் நல்லது. 1999-இல் வந்த ஓர் ஆய்வில், உட்கார்ந்து பேசிய குழுக்கள் நின்று பேசியவற்றைவிட 34 சதவீதம் அதிக நேரம் எடுத்துக்கொண்டன, முடிவு மட்டும் ஒன்றும் மேலாக இல்லை. என்னைப் போல முட்டிவலிக்காரர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு நாற்காலி போடு.

எழுந்திருக்கும் முன் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று மூன்றையும் எழுதி உரக்கப் படிக்கச் சொல். படிப்பது நீயாக இருக்கக் கூடாது. அடுத்த வாரம் அந்தச் சீட்டிலிருந்தே ஆரம்பி. "பார்த்துக்கலாம்", "எல்லாரும் சேர்ந்து பண்ணுவோம்" என்று எழுதினால் அதை யாரும் செய்யப்போவதில்லை. எல்லோருக்கும் பொதுவான வேலைக்கு ஆள் கிடையாது.

நீ கடைசியாகப் பேசவேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அதைத்தான் திரும்பவும் சொல்கிறேன். சாலமன் ஆஷ் என்ற உளவியல் அறிஞர் 1950-களில் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னொன்றில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளம் எதற்கு இருக்கிறது என்று சொல்லவேண்டும், குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள், கூடிப் பேசிவைத்துத் தப்பான கோட்டைக் காட்டினார்கள். அந்த ஒருவர் கண்ணெதிரே சரியான கோடு தெரிந்தும் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை கூட்டத்தோடு போனார். அப்புறம் ஆஷ் ஒரே ஒரு மாற்றம் செய்தார். கூட்டத்தில் இன்னொரு ஆளைச் சரியான விடையைச் சொல்லவைத்தார். அவ்வளவுதான், தப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. மாற்றிப் பேச ஒரே ஒரு ஆள் இருந்தால் போதும்.

ஸ்டாக் பார்த்துக்கொண்டிருந்தானே அந்தப் பையன், நான் உன் ஆபீசுக்கு வந்த அன்று அவன் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு முந்தின தடவை வந்தபோது, "மேடம், அந்தத் தேதிக்கு முடியாது, வேணும்னா கணக்கு காட்டறேன்" என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. குரலில் மரியாதை இருந்தது. அவன் ஏன் போனான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "வேற நல்ல இடம் கிடைச்சுதாம்ப்பா" என்று சொல்லியிருப்பாய். அது உண்மையாகவும் இருக்கலாம்.

நம் மெஷின்மேன் அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும், உன்னைச் சைக்கிளில் வைத்து ஓட்டுவாரே. ஒரு திங்கட்கிழமை காலை எல்லோரையும் நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு ப்ரூஃபில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று அவர் குறுக்கிட்டார். "உனக்கு மெஷின் ஓட்டத்தான் சம்பளம், படிக்க இல்லை" என்று ஏழு பேர் முன்னால் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. அடுத்த வாரமே 5,000 நோட்டீஸ், ஃபோன் நம்பரில் ஓர் எண் குறைவு. முதல் தாள் வெளியே வந்தபோதே அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஒன்றும் சொல்லாமல் 5,000-ஐயும் ஓட்டி அடுக்கிவைத்தார். "ஏன்யா சொல்லலை?" என்று கத்தினேன். "படிக்கலைங்க" என்றார்.

அந்த 5,000 தாளும் உனக்கு ரஃப் நோட்டாக வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கட்டிங் மெஷினில் கோளாறு என்று உன்னிடமும் அம்மாவிடமும் சொல்லிவைத்தேன். அந்த அண்ணன் வேலையை விட்டபோது அவருக்குக் குடும்பக் கஷ்டம் என்று சொன்னேன். கஷ்டம் எதுவும் இல்லை. அந்தத் திங்கட்கிழமைகளில் நீ ஸ்கூல் பையோடு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாய். அன்று உன் ஆபீசில் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கேட்டது உன் குரல்தானா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது.

நீயும் என்னிடம் அப்படித்தான். நான் என்ன சொன்னாலும் "சரிப்பா". வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கப்போகிறாய் என்பதுகூட எனக்கு மாமா சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு உன்மேல் கோபம் வந்தது. இப்போது வேறு மாதிரி யோசிக்கிறேன்.

அந்தப் பையனிடம் ஒரு தடவை பேசிப் பார், திரும்பக் கூப்பிடுவதற்காக இல்லை. சரி, அது உன் ஆபீஸ், உன் முடிவு.

அடுத்த திங்கட்கிழமை மீட்டிங் முடிந்ததும் ஃபோன் செய். எப்படிப் போனது என்று நீயே முதலில் சொல்லு, நான் கடைசியில் பேசுகிறேன். ஸ்பீக்கரில் அம்மாவும் இருப்பாள். நான் குறுக்கே பேசினால் அவள் பார்த்துக்கொள்வாள்.

அன்புடன்,
அப்பா