புது ரிப்பீட்டர் வந்த நாள் முதல் எங்கள் வாக்கி டாக்கி செட்டுகள் ஊமை

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் அனுப்பும் ஏழாவது மெயில். முந்தைய ஆறுக்கும் டிக்கெட் எண்தான் வந்தது, ஆள் வரவில்லை.

நாங்கள் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை பார்த்துக்கொள்ளும் தன்னார்வ மீட்புக் குழு. ஆகஸ்டில் உங்களிடம், செட்டுகளின் சிக்னலை வாங்கித் தூரத்துக்கு மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரும் 8 டிஜிட்டல் செட்டும் வாங்கினோம். பாதிப் பணம் குப்பத்து மக்கள் மீன் விற்ற காசு. எங்களிடம் உள்ள 14 பழைய அனலாக் செட்டுகளைப் பணம் சேரச் சேர மாற்றலாம், அதுவரை ரிப்பீட்டர் அனலாக், டிஜிட்டல் இரண்டுக்கும் வேலை செய்யும் மிக்ஸ்டு மோடில் ஓடும், புது செட்டிலும் அனலாக் சேனல் இருக்கும் என்று உங்கள் விற்பனையாளர் சொன்னார். கொட்டேஷனின் இரண்டாம் பக்கத்திலும் இருக்கிறது. மாட்ட வந்த இன்ஜினியரோ எல்லாவற்றையும் வெறும் டிஜிட்டலில் வைத்துவிட்டு, பழைய ரிப்பீட்டரை எக்ஸ்சேஞ்ச் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அந்த 14 செட்டிலும் வெறும் இரைச்சல்.

புது செட்டாவது உருப்படியா என்றால், மூன்றில் பொத்தானை அழுத்தியதும் பீப் அடித்து நின்றுவிடுகிறது. ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர் ஒருவர் தன் கருவியை வைத்துப் பார்த்து, எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டிய கலர் கோடு எண் ரிப்பீட்டரில் 1, இந்த மூன்றிலும் 3 என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார். நாங்களே மாற்றவும் முடியாது. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைத்திருப்பது நீங்கள்.

செட்டுகளைக் கொண்டுவரச் சொன்னதும் நீங்கள்தான். எட்டையும் பையில் போட்டுக்கொண்டு, மாதவரம் சுற்றி, மழையில் ஆட்டோவில் அம்பத்தூர் வந்தோம். மூன்றரை மணி நேரம் உட்கார வைத்தபிறகு, செட்டுகளைப் புரோகிராம் செய்யும் லேப்டாப் வெளியே போயிருக்கிறது என்றார்கள். சரி, எப்போது வரும் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வாக்கி டாக்கிக்கு ஏன் சார் இவ்ளோ டென்ஷன்? செல்லுல பேசிக்க வேண்டியதுதானே" என்றார். உயிர் காக்கும் கருவியை விற்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிற பேச்சா அது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது செல்போன் டவர்கள் படுத்துவிட்டன. எர்ணாவூரில் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது எங்களை இணைத்தது, கார் பேட்டரியில் ஓடிய அந்தப் பழைய ரிப்பீட்டர்தான். அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, ஆட்களை எந்தத் தெரு வழியாக வெளியே கொண்டுவரலாம் என்று ஒருவர் சொன்னதை எல்லோரும் அதே நொடியில் கேட்டார்கள். செல்லில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எப்போது சொல்லி முடிப்பது? கவுண்டரில் அப்படிப் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

சொல்ல விட்டுப்போனது. போன வாரம் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு பைக் விபத்து. எங்கள் ஆம்புலன்ஸில் இருப்பது பழைய செட், கூப்பிட்டது கேட்கவில்லை. வண்டி 20 நிமிடம் தாமதமாகப் போனது. அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் எங்கள் 12 வருட நல்ல பெயரை ஒரே நாளில் அழித்துவிட்டீர்கள். இனி எந்த ஆபத்துக்கும் இந்த ஊரில் யாரும் எங்களைக் கூப்பிட மாட்டார்கள். இதற்கு 10 லட்சம் கேட்டாலும் குறைவுதான்.

உங்கள் பொருள் தரமானதுதான் என்று இன்னமும் நம்புகிறேன். அதனால்தான் தயவாகக் கேட்கிறேன்: ரிப்பீட்டரை மிக்ஸ்டு மோடுக்கு மாற்றுங்கள், புது செட்டுகளில் அனலாக் சேனலைப் போடுங்கள், அந்த மூன்றின் கலர் கோடைத் திருத்துங்கள், பாஸ்வேர்டை எங்களிடம் கொடுங்கள். ஒரு ஆளுக்கு அரை நாள் வேலை. ஏழு நாளில் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் போகும், அப்புறம் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே தொடுக்கலாம். அம்பத்தூருக்கு நாங்கள் இனி வருவதாக இல்லை, நீங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும்.

பருவமழை தொடங்கிவிட்டது. லேப்டாப்போடு ஒருவரை அனுப்புங்கள். மொட்டைமாடிச் சாவியோடு காலை ஆறு மணிக்கே காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
குழு ஒருங்கிணைப்பாளர்,
திருவொற்றியூர்.