புனித வாரத்து அடுப்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு

சேசுவுக்கே புகழ்!

பெரிய வியாழன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரை எங்கள் அன்பியத்துக்காக (பங்கில் எங்கள் பகுதிக் குடும்பங்களின் குழு) எங்கள் வீட்டில் சமையல் நடந்தது. அதிலிருந்து தங்கச்சிமடத்தில் யாரைப் பார்த்தாலும், "எல்லாம் நீயே செஞ்சியாமே?" என்கிறார்கள். இல்லை. திருப்பலி முடிவில் ஒலிபெருக்கியில் நன்றி சொன்னவரும் "மற்றும் உதவிய அனைவருக்கும்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி கோட்டயத்து அம்மச்சிக்கு. மகள் அங்கே நர்சிங் படித்தபோது குடியிருந்த வீட்டுக்காரம்மா அவர். ஒரு பெரிய வியாழனன்று போயிருந்த என்னை விருந்தாளியாக உட்கார வைக்காமல் அடுக்களைக்குள் அழைத்து, அன்றைக்கு அவர்கள் வீடுகளில் செய்யும் பெசஹா அப்பம் சொல்லிக்கொடுத்தார். அரிசி மாவோடு உளுந்து, தேங்காய், சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் எல்லாம் அரைத்துக் கலந்து, புளிக்க விடாமல் தட்டில் ஊற்ற வேண்டும். நடுவில் குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலையைச் சிலுவையாக வைத்து ஆவியில் வேகவைக்க வேண்டும். ஈர்க்கைக் குத்தினால் மாவு ஒட்டக்கூடாது. வெந்தபின் ஓலையை எடுத்தால் அதன் தடம் அப்பத்தில் பதிந்திருக்கும். வீட்டில் மூத்தவர் செபம் சொல்லிப் பிட்டுத் தர, தேங்காய்ப்பாலும் வெல்லமும் காய்ச்சிய பாலில் தொட்டுச் சாப்பிடுவார்கள்.

அந்த வருசம் துக்கம் நடந்த வீட்டில் இதைச் செய்ய மாட்டார்கள், அக்கம்பக்கத்தார்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்றும் அம்மச்சி சொல்லியிருந்தார். எங்கள் தெருவிலும் இந்த வருசம் அப்படி ஒரு வீடு இருந்தது. முதல் தட்டு அங்கேதான் போனது. அதைச் சுமந்துபோன பீடப் பையன்களுக்கு நன்றி. வழியில் ஓரத்தைப் பிய்த்தது யார் என்று நான் விசாரிக்கப் போவதில்லை.

பாலுக்கு வெல்லம் போடவில்லை. பதநீர்க் காலத்தில் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்துகொண்டு வெல்லம் போட்டால் பனைமரம் கோபித்துக்கொள்ளும்! சாயல்குடிப் பக்கமிருந்து புதுக் கருப்பட்டியைப் பனையோலைக் கொட்டானில் கொண்டுவந்து கொடுத்த பனையேறும் அண்ணனுக்கு நன்றி. "கல்லு மண்ணு இருக்கும்மா, கரைச்சு வடிகட்டிப் போடு" என்று நேர்மையாகச் சொன்னதற்கும் சேர்த்து.

பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு அடுத்த வீட்டு ஆயிஷாம்மா. எங்கள் மாமியார் காலத்தில் அன்றைக்கு வெறும் கஞ்சியும் துவையலும்தான். மீன்கூடக் கிடையாது. இறைச்சியை விடச் சொல்கிற திருச்சபை மீனைத் தடுக்கவில்லை. ஆனால் "கடக்கரைக்காரி கறியை விட்டா என்ன பெரிய ஒறுத்தல்? மீனை விடு பாப்போம்" என்பார் மாமியார். அதற்கு அவர் இழுக்கிற சாட்சி ஓரியூர் அருளானந்தர். போர்த்துக்கல்லில் பிறந்தும், இந்த மண்ணுக்கு வந்து புலால் மறுத்துத் துறவியாக வாழ்ந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலைகொடுத்தவர். மாமியார் சொன்னது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. ஆயிஷாம்மா செய்தது என்னவென்றால், அவர்கள் நோன்புக் கஞ்சிப் பக்குவத்தைக் கறி இல்லாமல் எங்களுக்காக மாற்றிக் கொடுத்தார்: பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால். தேங்காய்ப்பால் ஊற்றியபின் கொதிக்க விடக்கூடாது என்று வாசலில் நின்றபடியே அதட்டியதும் அவர்தான். செம்பு அண்டாவும் அவர்கள் வீட்டுடையதுதான்.

ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குச் சீலாவும் பாறையும் நாட்டுப்படகுக்காரர்கள் கொடுத்தார்கள். ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கிவிட்டால் விசைப்படகுகளுக்கு 61 நாள் கடல் கிடையாது. நாட்டுப்படகுக்காரர்கள் கையில் காசு சேர்க்க வேண்டிய அந்த நேரத்திலும் விலை சொல்லாமல் கூடையை இறக்கிவிட்டுப் போனார்கள். குழம்புக்கு நம் குண்டு மிளகாய்தான். அதற்குப் புவிசார் குறியீடு வந்ததே 2023இல்தான். நம் நாக்கு எப்போதோ கொடுத்துவிட்டது.

லவ் கேக்குக்கு மட்டும் மூன்று பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில், மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த இலங்கை நெடுந்தீவு அக்கா ஒருவர்தான் எனக்கு அதை முதலில் ஊட்டிவிட்டவர். போர்த்துக்கீசியர் காலத்துப் பலகாரம் என்றார். ரவை, வெண்ணெய், முட்டை மஞ்சள், பொடியாக நறுக்கிய முந்திரி, பாகில் ஊறிய நீர்ப்பூசணி என்று விரல்விட்டுச் சொன்னார். அளவு சொல்லவில்லை. அளவைச் சொன்னவர் மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கிற மன்னார்ப் பெரியம்மா. தேனும் பன்னீரும் சாதிக்காயும் அவர் கைப்பட விழுந்த பிறகுதான் அந்த வாசம் வந்தது. "மேல் சிவக்க வேணும், உள்ள ஈரமா இருக்க வேணும் பிள்ளை" என்று அவர் சொன்னபடி, ரொட்டி சுட்டு முடித்து இறங்கிய சூட்டில் தட்டுகளை வைத்துக் காவல் இருந்தவர் பேக்கரி அண்ணன். கூலியாக ஒரு துண்டு கேக் மட்டும் வாங்கிக்கொண்டார்.

தேங்காய் துருவிய இளம்பெண்கள் குழுவுக்கும், தண்ணீர் லாரியை நம் தெருவுக்குத் திருப்பிவிட்ட உபதேசியாருக்கும், இலை எடுத்த வின்சென்ட் தே பவுல் சபையாருக்கும் நன்றி.

இரண்டு காரியம் பாக்கி. மூடியில்லாத எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று எங்கள் திண்ணையில் இருக்கிறது, உரியவர்கள் எடுத்துக்கொள்ளவும். அடுத்த கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் முன்கூட்டியே எனக்குச் சொல்லுங்கள். நெடுந்தீவு அக்காவுக்கு ஒரு பெட்டி கேக் கொடுத்தனுப்ப வேண்டும். சோதனையில் அது தப்பிப் பிழைக்குமா என்பது அந்தோணியார் பாடு.