ஏரி நீரை விடியுமுன் சோதித்து, முடிவைக் கரையிலேயே எழுதி வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அல்சூர் ஏரிக்கரைப் பகுதிக் குடியிருப்போர்,
பெங்களூரு – 560 008.

பெறுநர்:
உயர்திரு துணை ஆணையர் அவர்கள்,
பெங்களூரு நகர மாவட்டம்.

பொருள்: அல்சூர் ஏரி பற்றிய ஆய்வு முடிவுகளை அன்றாடப் பராமரிப்புடன் இணைக்க வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. முந்தின நாள் மாலை நாங்கள் பொரி போட்ட மீன்கள், காலையில் வெள்ளை வயிறு மேலே தெரியக் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையிலும், வெயில் ஏற ஏற எங்களுக்கு அதே பயம்தான்.

ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக வரும் சாக்கடை நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கின்றன. அதைத் தின்று பாசி பெருகுகிறது. பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதுவும் சுவாசித்து, இருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். ஆகவே நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியுமுன்தான். நீர் சூடேறினால் ஆக்சிஜன் கரைந்திருக்கும் அளவும் குறையும். மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்.

ஆனால் நாங்கள் பார்த்தவரை, மாதிரி எடுப்பவர்கள் வருவது காலை பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில். பாசி ஆக்சிஜனை விட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. ஏரி நலமாக இருப்பதாகவே கணக்கு வரும். அந்தக் கணக்கும் ஆகாயத்தாமரை அள்ளும் தொழிலாளிக்கோ, மதகைப் பார்த்துக்கொள்பவருக்கோ தெரிவதில்லை. ஒரு முறை பாட்டிலில் நீர் மொண்ட மாணவியிடம் முடிவு எப்போது வரும் என்று கேட்டோம். "கட்டுரையாக வரும், அம்மா" என்றார். அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. கட்டுரை வரும்வரை மீன் காத்திருக்காதே என்பதுதான் எங்கள் கவலை.

இந்த ஊரில் அறிவுக்குப் பஞ்சமில்லை. டாடா இன்ஸ்டிட்யூட் என்று நாங்கள் சொல்லிப் பழகிய இந்திய அறிவியல் கழகம் 1909 முதல் இங்கேயே இருக்கிறது. அங்கே டி.வி. ராமச்சந்திரா அவர்களின் குழு பல ஆண்டுகளாக பெங்களூரு ஏரிகளை ஆராய்ந்து வருகிறது. ஆய்வு கரைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே ஊரின் வடக்கே உள்ள ஜக்கூர் ஏரி சாட்சி: சுத்திகரிப்பு நிலையத்து நீர் அங்கே நேரே ஏரியில் விழாமல் சம்பங்கோரை வளர்ந்த சதுப்பைக் கடந்து போகிறது, மிச்சமிருக்கும் சத்துகளைச் செடிகள் எடுத்துக்கொள்கின்றன.

2024 கோடையில் போர்வெல் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் நாங்கள். ஏரி நலம் எங்கள் குடிநீர்க் கவலையும்தான்.

எனவே, பிப்ரவரி முதல் மே வரை வாரம் ஒரு முறையாவது சூரிய உதயத்துக்கு முன் ஆக்சிஜன் அளவை எடுக்க ஆணையிட வேண்டுகிறோம். அளவு 4-க்குக் கீழே போனால் அன்றே நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓட்டுவது யார், சாக்கடை கலக்கும் இடத்தை அடைப்பது யார் என்று பொறுப்பைப் பெயரோடு எழுத்தில் தர வேண்டும். முடிவை ஏரி வாசலில் கரும்பலகையில் கன்னடத்திலும் தமிழிலும் எழுதினால் போதும். அதை எழுத எங்கள் பிள்ளைகள் தயார். கோடைக்கு முன் ஆய்வாளர்கள், சம்பந்தப்பட்ட துறையினர், ஏரித் தொழிலாளர்கள் மூவரையும் தாங்களே ஒரு நாள் கரையில் கூட்டி வைக்க வேண்டும். தொழிலாளர்களை விட்டுவிட வேண்டாம். நீரின் நிறம் மாறுவதை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

கன்னட மொழிபெயர்ப்பும் கையெழுத்துப் படிவங்களும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அல்சூர் ஏரிக்கரைப் பகுதிக் குடியிருப்போர்