தொடக்கப் பெட்டியில் உள்ள குறைகள்: மாற்று உருவமும் விதித் திருத்தமும் கோரிப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். சிறு உருவங்களை ஒட்டிச் சேர்த்து மேசையில் படைகளாக நகர்த்தி ஆடும் உங்கள் புதிய ஃபேன்டஸி மினியேச்சர் போர் விளையாட்டின், இருவர் ஆடும் தொடக்கப் பெட்டியை முன்பதிவு செய்து வாங்கினேன். ரசீதும் படங்களும் இணைத்திருக்கிறேன். வெளிநாட்டுப் பெட்டிகளுக்குச் சுங்க வரியும் கூரியர் செலவும் கட்டியே பழகிய எங்களுக்கு, யாளியும், இருதலைப் பறவையான கண்டபேரண்டமும் களமிறங்கும் ஒரு விளையாட்டு இங்கேயே தயாராகிறது என்ற செய்தி பெரிய சந்தோஷம். அதே அளவுக்கு இப்போது வருத்தம்.

முதலில் பசை. பொருத்தும் முறை சொல்லும் தாளில் பிளாஸ்டிக் சிமென்ட் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். உருவங்களோ ரெசின் என்ற வேறுவகைப் பொருளில் ஆனவை. பிளாஸ்டிக் சிமென்ட் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டவைப்பது, ரெசினில் பிடிக்காது. இந்த விளையாட்டுக்கே புதிதான நண்பர் ஒருவர், தாளில் உள்ளபடியே வீரனின் கையை ஒட்டி வெகுநேரம் அழுத்திப் பிடித்திருந்தார். விரலை எடுத்ததும் கை கழன்று மேசையில் விழுந்தது. அப்புறம் கடைக்குப் போய் சூப்பர் குளூ வாங்கிவந்தோம்.

இதைவிட முக்கியமான ஒன்று. ரெசினை அராவும்போது வரும் தூள் மூச்சில் போகக் கூடாது. மாஸ்க் போட்டு, ஈரம் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அச்சிட்ட பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்களுக்குத் தெரிந்திருந்தது, பள்ளிப் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்?

ஈட்டிகள் வளைந்து வந்ததைப் பெரிதுபடுத்தவில்லை. சுடுதண்ணீரில் முக்கி நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் போட்டால் சரியாகிவிடும். ஆனால் கண்டபேரண்டத்தின் இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் காற்றுக்குமிழி ஒன்று இருந்து, செருகும் முளையே பொடிந்துவிட்டது. அதை எங்களால் சரிசெய்ய முடியாது.

சரி, உருவங்களை விடுங்கள். ஆட்டத்தையே கெடுத்தது விதிகளில் உள்ள முரண்பாடு. பாய்ந்து தாக்க இரண்டு பகடை உருட்டி, விழும் கூட்டுத்தொகை அத்தனை அங்குலம் போகலாம் என்கிறது விதிப்புத்தகம். குதிரைப்படையின் விவரம் அச்சிட்ட அட்டையோ நகர்வு 8 அங்குலத்தோடு ஒரு பகடையைக் கூட்டச் சொல்கிறது. எங்கள் ஆட்டத்தில் வில்லாளிகள் 9 அங்குலம் தள்ளி நின்றார்கள். புத்தகப்படி குதிரைகள் அவர்களை எட்ட 36இல் 10 வாய்ப்புதான். அட்டைப்படி கட்டாயம் எட்டிவிடும். எதை ஏற்பது என்று பேசிப் பேசி, ஆட்டம் பாதியிலேயே நின்றது. நண்பர்களுக்குள் மனத்தாங்கல் வந்ததுதான் மிச்சம்.

இரு தரப்பும் சம பலத்தில் படை அமைக்க உதவும் புள்ளி மதிப்பும் தரவில்லை. 2015இல் ஏஜ் ஆஃப் சிக்மார் என்ற வெளிநாட்டு மினியேச்சர் விளையாட்டு அப்படித்தான் வந்தது. ஆடுகிறவர்கள் குறை சொன்னார்கள், 2016இல் புள்ளிகளோடு தனிக் கையேடு வந்தது. பத்தாண்டுக்கு முன்பே தெரிந்துவிட்ட பாடத்தை நீங்கள் கவனித்திருக்க வேண்டும்.

இரு தரப்பும் மாறி மாறி ஒவ்வொரு படைப்பிரிவாக இயக்கும் உங்கள் முறை எங்கள் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. எதிராளியின் முறை முடியும்வரை யாரும் சும்மா உட்கார வேண்டியதில்லை. யாளியின் துதிக்கைச் சுருள் கோயில் தூணில் பார்ப்பது போலவே வந்திருக்கிறது. அதைச் செதுக்கியவரைப் பாராட்டியே ஆக வேண்டும். இவ்வளவு நல்ல விளையாட்டு அச்சுப் பிழையால் வீணாகக் கூடாது என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முன்பு அனுப்பிய மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில் மட்டுமே வந்தது. இந்த முறை ஒரு மனிதர் படித்துப் பதில் எழுத வேண்டும். கண்டபேரண்டத்தின் உடலும் இறக்கையும் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும். பாய்ச்சல் விதியின் திருத்தத்தையும் புள்ளிப் பட்டியலையும் வாங்கிய எல்லாருக்கும் அனுப்ப வேண்டும். ரெசின் தூள் எச்சரிக்கையையும் சரியான பசையின் பெயரையும் இனி விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் சேர்க்க வேண்டும். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், இறக்கையின் படங்கள், விதிப்புத்தகப் பக்கம் மற்றும் குதிரைப்படை அட்டையின் படங்கள்