கெண்டை முட்டையிடும் ஓரத்தில் மோட்டார் படகு வேண்டாம்: ஒரு கோரிக்கை மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: எங்கள் ஊர் நீர்த்தேக்கத்தில் மீன் முட்டையிடும் பகுதிக்குள் மோட்டார் படகுகள் வராமல் தடுக்கக் கோருதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் 19 வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். நங்கூரம் போட்டு நிற்கும் நாட்களில் கப்பல் நிழலில் பாரை மீன்கள் கூட்டமாகச் சுற்றும். சோற்றுப் பருக்கை விழுந்தால் கூட மேலே வரும். ஓடும் கப்பல் என்றால் கதையே வேறு. முகப்பு தண்ணீரைக் கிழிக்கும் இடத்திலிருந்து பறவைக் கோலாக்கள் கும்பலாக எழும்பி விலகும். வட அட்லாண்டிக்கின் ஹெர்ரிங், காட் மீன்கள் கப்பல் நெருங்கும்போதே ஆழத்துக்கு இறங்கிவிடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மீனை எண்ணப் போகும் கப்பலே மீனை விரட்டினால் கணக்கு தப்பாகிவிடும். அதனால்தான் ஆய்வுக் கப்பல்களின் இரைச்சலுக்கு 1995-ல் சர்வதேச அளவில் ஒரு வரம்பு பரிந்துரைக்கப்பட்டது.

கடல் மீனுக்கு ஓடி ஒளிய ஆழம் இருக்கிறது. எங்கள் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தான். இங்கே அதிகம் இருப்பது சாதாக் கெண்டை. 1939-ல் இலங்கையிலிருந்து உதகை ஏரிக்கு வந்த இனம். அதன் காற்றுப்பையையும் உள்காதையையும் சிறு எலும்புகள் இணைப்பதால் பல மீன்களைவிட அதற்குக் காது கூர்மை. கப்பல் இரைச்சலைக் கேட்ட கெண்டைகளின் உடம்பில் கார்டிசால் என்ற அழுத்தச் சுரப்பு கூடியதை வியன்னா ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்டார்கள்.

சத்தத்தைவிட என்னை உலுக்கியது அலைதான். கெண்டை முட்டை பாசியில் ஒட்டிக்கொள்ளும். கேழ்வரகு அளவில், வெளிர் மஞ்சளாக இருக்கும். ஒரு நாள் காலை வேகப்படகு ஒன்று கரையை ஒட்டித் திரும்பியது. அலை அடித்து வடிந்தபோது ஒரு கை பாசி முட்டையோடு சேற்றில் கிடந்தது. எடுத்துத் தண்ணீரில் விட்டேன். அடுத்த படகு வந்தது, மறுபடியும் கரையில் கிடந்தது. மதியத்துக்குள் காய்ந்துவிட்டது.

படகுச் சவாரியை நிறுத்தச் சொல்லவில்லை. என் தம்பி மகனே படகு ஓட்டித்தான் பிழைக்கிறான். இணைத்துள்ள கைவரைபடத்தில் குறித்திருக்கும் கிழக்கு ஓரத்தில் மட்டும், கரையிலிருந்து 100 மீட்டர் தள்ளி மிதவை கட்டி, மோட்டார் படகுகளைத் தடுக்க வேண்டுகிறேன். துடுப்புப் படகு, மிதிபடகு போகட்டும். முட்டையிடும் மாதங்களை மீன்வளத் துறையினர் நேரில் பார்த்து முடிவு செய்ய உத்தரவிடுங்கள். அவர்கள் வரும் நாளில் விடியற்காலை இடத்தைக் காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்

இணைப்பு: கைவரைபடம் – 1