அந்தப் புடைத்த டயர் விஷயமாக நம் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

பத்து நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் எலுமிச்சை அளவு புடைத்த கார் டயர். கீழே, 'வாரண்டி கேட்டால் விரட்டுகிறார்கள், 2018 டயரைத் தலையில் கட்டிவிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறது. படம் நம் கடை வாசலில் எடுத்ததுதான்.

யாரையும் விரட்டவில்லை. டயரை வாங்கி வைத்தோம்; கம்பெனி இன்ஜினியர் வந்து பார்க்க 11 நாள் ஆகிவிட்டது. அதற்குள் டயரைக் கொண்டுவந்த வாடிக்கையாளர் நாலு முறை போன் செய்திருக்கிறார், நாங்கள் எடுக்கவில்லை. அது எங்கள் தப்பு.

பள்ளத்தில் வேகமாக இறங்கும்போது பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கி, உள்ளே நூல் அறுந்தால் காற்று ரப்பரைத் தள்ளிப் புடைக்கும். சாதாரண வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். கிளெய்ம் ஏற்கப்பட்டாலும் பட்டன் (சாலையில் படும் வரிவரியான மேல்பகுதி) பாதி தேய்ந்திருந்தால் ஏறக்குறைய பாதி விலை நீங்கள் தர வேண்டிவரும். முடிவு கம்பெனியுடையது. இதை விற்கும்போதே நாங்கள் சொல்லியிருக்கலாம்.

ஆனால் '2018 டயர்' என்றதுதான் தாங்கவில்லை. டயரின் பக்கவாட்டில் உற்பத்தித் தேதிக்கு நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம் என்பதையும், கடைசி இரண்டு இலக்கம் எந்த ஆண்டு என்பதையும் சொல்லும். அந்த டயரில் 1825. அதாவது 2025இன் 18ஆவது வாரம், மே மாத வாக்கில் செய்தது. ஆகஸ்டில் விற்றோம். மூன்று மாத டயர்! யாரோ 18ஐ மட்டும் பார்த்து எழுதிவிட்டார், நூறு பேர் அனுப்பிவிட்டார்கள். நம்பாதவர்கள் கடைக்கு வாருங்கள், ரேக்கில் இருக்கும் எந்த டயரையும் நீங்களே புரட்டிப் படிக்கலாம். 2025 செப்டம்பர் 22 அன்று டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனபோது அன்று காலையே விலையைக் குறைத்தோம். அதை ஏனோ ஒருவரும் குரூப்பில் போடவில்லை.

சரி, போகட்டும். 'இவங்க அப்படிச் செய்யமாட்டாங்க' என்று குரூப்பிலேயே எழுதிய லாரிக்கார அண்ணன்களுக்கும், விசாரிக்க வந்து டீ குடித்துவிட்டு இரண்டு டயரும் போட்டுக்கொண்டு போன ஆசிரியர் ஐயாவுக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அப்புறம், அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) பார்த்த தம்பி ஊருக்குப் போய்விட்டதால் 1ஆம் தேதியிலிருந்து ஞாயிறுதோறும் விடுமுறை. புது டயருடன் இலவசமாக இருந்த அலைன்மென்ட்டுக்கு இனி 300 ரூபாய். பில்லைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டயர் கடைக்காரர்