கலத்துக்கு ஒரு சன்னல் வையுங்கள்

எரிபொருள் கல ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். திட ஆக்சைடு எரிபொருள் கலம் (எரிபொருளின் வேதியாற்றலை நேரடியாக மின்சாரமாக்கும், அதிக வெப்பத்தில் ஓடும் பீங்கான் கலம்) பற்றி உங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் மின்னழுத்த வரைபடத்துக்குக் குறைவிருக்காது. கூடவே, ஆறவைத்துப் பிரித்த கலத்தின் நுண்ணோக்கிப் படங்களும் இருக்கும். 700 டிகிரியில் உள்ளே நடந்ததை இவை இரண்டையும் வைத்து ஊகிக்கிறோம். மின்னழுத்தம் எல்லா இழப்புகளையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது. ஆறவைக்கும்போதோ வேதியியலே மாறிவிடுகிறது: கொஞ்சம் காற்று புகுந்தால் போதும், ஆனோடில் (எரிபொருள் படும் மின்முனையில்) உள்ள நிக்கல் ஆக்சைடாகிவிடும், படிந்த கரி எரிந்து போய்விடும். தடயம் அழிந்த பிறகு விசாரணை நடத்துவது போலத்தான்.

கலம் ஓடும்போதே பார்க்க வழி இருக்கிறது. குவார்ட்ஸ் சன்னல் வழியாக ஆனோடின் மேல் லேசரைப் பாய்ச்சி ராமன் நிறமாலை எடுக்கலாம்: சிதறி வரும் ஒளியின் நிற மாற்றமே அங்கே என்ன பொருள் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். மீத்தேன் கொடுத்தால் நிக்கல் மேல் கரி படிவது 1580, 1350 அலையெண்களுக்கு (லேசரிலிருந்து ஒளி விலகிய அளவு, செ.மீ⁻¹ அலகில்) அருகே இரண்டு முகடுகளாகத் தெரியும். முதலாவது கிராஃபைட்டின் அடையாளம், இரண்டாவது அதன் ஒழுங்கின்மை. கலத்திலிருந்து மின்னோட்டம் எடுக்கத் தொடங்கினால், மின்பகுபொருள் (இரு மின்முனைகளுக்கு நடுவே அயனிகளைக் கடத்தும் அடுக்கு) வழியே வரும் ஆக்சைடு அயனிகள் கரியைத் தின்ன, முகடு தேய்வதையும் பார்க்கலாம். எத்தனை மின்னழுத்த வரைபடம் போட்டாலும் இது கிடைக்காது.

"செக்கச்செவேலென்று ஒளிரும் பொருளில் ராமன் எப்படி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். லேசரைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது விஷயம். 785 நானோமீட்டர் லேசரில் கரியின் முகடு 896 நானோமீட்டர் பக்கம் வரும். கலத்தின் ஒளிர்வு அதை விழுங்கிவிடும். 488 லேசரில் அதே முகடு 529-இல் பச்சையாக வரும். 700 டிகிரியில் அங்கே ஒளிர்வு மிகவும் குறைவு. அப்புறம், அந்த ஒளிர்வே வீண் அல்ல. அகச்சிவப்புக் கேமராவில் பிடித்தால் அதுவே வெப்பநிலை வரைபடம். நீராவியுடன் மீத்தேன் உடையும் இடம் வெப்பத்தை உறிஞ்சுவதால் குளிர்ந்து தெரியும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ராமன் பார்ப்பது மேற்பரப்பை மட்டுமே. வினைகள் மும்முரமாக நடக்கும் நிக்கல்–மின்பகுபொருள் எல்லை அடியில் மறைந்திருக்கும். சன்னல் வைத்த கலம், பல கலங்களைச் சேர்த்த அடுக்கில் இருக்கும் கலத்தைப் போல அப்படியே நடந்துகொள்ளாது. அதனால் மின்னளவீடுகளை விட்டுவிடச் சொல்லவில்லை, இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே கலத்தில் எடுக்கச் சொல்கிறேன்.

ஆகவே அடுத்த அழைப்பில் ஒரு நிபந்தனை சேருங்கள்: கரிப்படிவு பற்றிப் பேசும் திட்டம், ஓடும் கலத்தில் எடுத்த ஒரு நிறமாலையையாவது காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
கலத்தை ஆறவைத்தே பார்த்துச் சலித்த ஓர் ஆய்வாளர்